மிம்பரில் எழுந்த குரல்

வளரும் பிள்ளைகளிடம் நாம் பேசத் தயங்கும் செய்திகள் சில உண்டு. அத்தயக்கத்தை உகாண்டா நாட்டு முஸ்லிம்கள் வென்ற வரலாறு நாம் அறியத்தக்கது.

1980களில் எய்ட்ஸ் நோய் அந்நாட்டை வாட்டியது. 1988இல் அங்கே இஸ்லாமிய மருத்துவச் சங்கம் தோன்றிற்று. 1989இல் அந்நோய்க்கு எதிராகச் சமயத் தலைமை 'ஜிஹாத்' அறிவித்தது. 1992 முதல் சங்கத்தார் இமாம்களுக்குப் பயிற்சி அளித்தனர். நோய் பரவும் வழிகள் பள்ளிவாசல்களில் விளக்கப்பட்டன. தூய்மை செய்யாத கருவியால் சுன்னத் செய்வதிலும், பாதுகாப்பின்றி மையித்தைக் குளிப்பாட்டுவதிலும் உள்ள அபாயம் உணர்த்தப்பட்டது. 1995இல் இப்பணி மதரஸாக்களில் பயிலும் இளையோரையும் எட்டியது.

ஆணுறை பற்றிப் பேசுவதை இமாம்கள் பலர் முதலில் ஏற்கவில்லை. ஒழுக்கக்கேட்டுக்கு அது வழிகோலும் என அஞ்சினர். நெடிய கலந்துரையாடலுக்குப் பின்னரே தெளிவு பிறந்தது. மணத்துக்கு முன் கற்பொழுக்கம், மணத்துக்குப் பின் இல்லற நேர்மை, இவையே முதல் அரண்கள். அவை தவறுமிடத்து உயிர்காக்கும் வழியையும் மறைக்கலாகாது என இசைந்தனர். 1998இல் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் திட்டம் இப்பணியைச் சிறந்த முன்மாதிரியாக நூலில் வெளியிட்டது.

நாணம் நமக்கு அணிகலன். அறியாமைக்கு அது திரையாகிவிடலாகாது. தந்தையிடமும் இமாமிடமும் கேட்கவியலாத பிள்ளை, தெருவிடம் கேட்கும். தெருவின் விடைக்கு நாம் பொறுப்பேற்க முடியுமா?