அம்புக்குறி எண்ணும் ஆர்.சி. புத்தகமும்: பழைய ராணுவ வண்டிகளை இனங்காணல்

சென்னையின் சதுப்பு நிலப் பகுதியான பள்ளிக்கரணையைச் சுற்றி ராணுவம் எட்டாத தூரத்தில் இல்லை. வடமேற்கே பரங்கிமலையில், சீனப் போரை அடுத்து 1963-ல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 1988 முதல் அது அகாதெமி. மேற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். படையிலிருந்து கழித்துவிடப்பட்ட ஒரு ஜீப்போ ஜோங்காவோ இப்பகுதிப் பட்டறை ஒன்றுக்கு வந்து சேர்ந்தால், அது எந்த வண்டி, எந்த ஆண்டினது என்று எப்படிச் சொல்வது? இங்கே ராணுவ வண்டிகள் பிழைத்திருந்த விதத்தை அறியாமல் இதற்கு விடை காண முடியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நேசநாட்டுப் படைகளின் உபரி ஜீப்புகளும் லாரிகளும் ‘டிஸ்போசல்’ சரக்காக விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்களுக்கு வேண்டியது ஓடி உழைக்கிற வண்டி. அதன் போர்க்கால முகத்தைக் காப்பாற்ற அவர்களுக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. மஹிந்திரா நிறுவனம் ஜீப் தயாரிப்பில் இறங்கிய பிறகு, பழைய வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளுக்கு மஹிந்திரா உதிரிபாகங்களே கைகொடுத்தன. அதனால் இன்று ஒரே வண்டியில் மூன்று வண்டிகளின் உறுப்புகள் இருப்பது சாதாரணம்.

இனங்காணும் வேலை சேசிஸில் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான். முன்பக்க கிரில்லில் ஒன்பது துளை இருந்தால் போர்க்காலத்தது, ஏழு இருந்தால் பின்னாளைய சிவில் மாடல் என்பது பலரும் அறிந்த கணக்கு. ஆனால் கிரில்லை ஒரு மதியப்பொழுதில் மாற்றிவிடலாம். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்குக் கீழே, குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்.பி.; கவிழ்த்த ‘யு’ வடிவில் மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் பெயின்ட்டைப் பதமாகச் சுரண்டினால் ஃபோர்டின் எண் தெரியும்; வில்லிஸில் அதே சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும். சதுப்பு நிலத்து ஈரக்காற்றில் துரு முதலில் தின்பதும் இந்த இடங்களைத்தான். எண்ணைப் படமெடுத்து வைக்காமல் கிரைண்டரைக் கையில் எடுக்கவே கூடாது.

அடுத்த தலைமுறை வண்டிகள் ஜபல்பூரிலிருந்து வந்தன. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் சக்திமான் லாரி, நிஸான் பேட்ரோலை ஒட்டி 1969 முதல் 1999 வரை ஜோங்கா. ஜோங்காவின் நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட்டு மாளாது. ஏலத்தில் எடுத்தவர்கள் பலர் டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். மீட்டெடுப்பவர்கள் இதைக் களங்கமாகக் கருதி அகற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழித்துவிட்ட ராணுவ வண்டியை இந்த மண்ணில் ஓடவைத்த மெக்கானிக்கின் கைவேலையும் அந்த வண்டியின் வரலாறுதான்.

இலங்கையில் இதற்கு வலுவான சான்று உண்டு. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கியபோது விடுதலைப் புலிகள் கவசத் தகடு பொருத்திக் கொண்டுவந்த புல்டோசர், அதைத் தடுத்து இறந்த சிப்பாயின் நினைவுச் சின்னமாக ஏ-9 சாலையோரம் நிற்கிறது. அந்தத் தகடுகளைக் கழற்றினால் மிஞ்சுவது வெறும் மண்வாரி இயந்திரம்.

டாங்கிகளின் கதை வேறு. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன ஒப்பந்தப்படி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா 1965-ல் படையில் சேர்ந்தது. 1980-கள் வரை சுமார் 2,200 செய்யப்பட்டன. சில விஜயந்தாக்களின் உடற்சட்டத்தில் 130 மி.மீ. பீரங்கி ஏற்றப்பட்டது, ஓய்வுபெற்ற பல டாங்கிகள் ஊர்களில் காட்சி மேடை ஏறின. அகமதுநகரில் 1994 முதல் டாங்கி அருங்காட்சியகமும் இருக்கிறது. டாங்கி தனியார் கைக்குப் போய் உருமாற வழியில்லாததால் அதன் அடையாளம் குலையவில்லை. சக்கர வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மூல வடிவம் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. இரண்டுமே ராணுவ வண்டிக்கு இடைஞ்சல். படையில் இருந்தவரை அதன் பதிவு பாதுகாப்பு அமைச்சகத்திடம். மேல்நோக்கிய அம்புக்குறி, வாங்கிய ஆண்டின் இரண்டு இலக்கம், பிறகு எழுத்தும் தொடரெண்ணும். ஏலத்துக்குப் பிறகு பல்லாண்டு கழித்து ஆர்.டி.ஓ. தரும் ஆர்.சி. புத்தகத் தேதியையே முதல் பதிவாகக் கொண்டால் 1969-ன் ஜோங்கா இளம் வண்டியாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு படை வண்டிகளுக்குத் தனிப் பதிவை ஏற்கிறது. ஆகவே அம்புக்குறி எண்ணையே முதல் பதிவாகக் கொள்வது நியாயம். அதற்கு அந்த எண் அழியாமல் இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போடுவதற்கு முன், ஏலச் சீட்டோடும் சேசிஸ் எண்ணோடும் சேர்த்து அதைப் பதிந்து வைப்பது சேகரிப்பாளரின் முதல் கடமை.