வளவுக்குள் ஒரு பங்கர்

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு நிலவறை கிடையாது. கொஞ்சம் தோண்டினாலே பல இடங்களில் சுண்ணாம்புக்கல் இடிக்கும். ஆனாலும் 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கி, கோட்டை முற்றுகையோடு குண்டுவீச்சும் கூடிய நாட்களில், வளவுக்கு வளவு பங்கர் வந்தது. எந்த எஞ்சினியரும் வந்து படம் கீறித் தரவில்லை. ஒரு வீட்டார் வெட்டினதைப் பார்த்து அடுத்த வீட்டார் வெட்டினார்கள்.

நாங்கள் கோடிப்புறத்தில், வீட்டை விட்டுத் தள்ளி இடம் பார்த்தோம். வீட்டுச் சுவர் விழுந்தாலும் பங்கர் வாசல் மூடுப்படக் கூடாது என்பது அயலவர் சொல்லித் தந்த முதற்பாடம். அலவாங்கும் மண்வெட்டியும்தான் கையில் இருந்தன. நாலடியில் கல் வந்துவிட்டது. மிச்ச உயரத்துக்கு, வெட்டிய மண்ணை உரப்பையில் நிரப்பிச் சுற்றிவர அடுக்கினோம். வாசலை நேரே விடாமல் 'எல்' வடிவத்தில் திருப்பினோம். சிதறல் துண்டு நேரே வரும், மூலையில் திரும்பாது.

கூரைதான் பெரிய பிரச்சினை. சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள். ரயில் நின்றுபோன பாதையிலிருந்து தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போன காலம் அது. அவை கிடைக்காத எங்களுக்குப் பனைதான் கைகொடுத்தது. முற்றிய பனையின் வெளிப்பக்கம் வைரம், பாரம் தாங்கும். அப்பு நட்ட மூன்று பனைகளைத் தறித்து, குற்றிகளை நெருக்கமாகக் குறுக்கே அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டோம். வளர ஒரு தலைமுறை எடுத்த மரங்களை விழுத்த அரைநாள் போதுமாக இருந்தது. நேரே மேலே குண்டு விழுந்தால் இது தாங்காது என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் விழும் குண்டின் துண்டுகளுக்குத்தான் இவ்வளவும்.

உள்ளே ஒரு பலகை, ஒரு குடம் தண்ணீர், ஜாம் போத்தல் விளக்கு, சின்னப் பெட்டியில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும். இறங்கும் முன் தடியால் தட்டிப் பாம்பு பார்க்க வேண்டும். மாரியில் வெள்ளம் நிற்கும். முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

இவ்வளவையும் யோசித்த நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். செங்குத்தான நாலு படி இறங்க அவரால் ஏலாது. முதல் தடவை பொம்மர் சத்தம் கேட்டபோது நானும் மனைவியும் தூக்கப் பார்த்தோம்.

"தம்பி, நீ பிள்ளையளைக் கொண்டு ஓடு. நான் இதிலேயே கிடக்கிறன்" என்றார்.

ஓடினேன். அந்தக் கால்மணி நேரம் முழுக்க என் காது வீட்டுப் பக்கமே இருந்தது. திரும்பி வந்தபோது கட்டிலில் இருந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளே அவருடைய கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் மண்மூட்டை அடுக்கினேன். அதற்குப் பிறகு நானோ மனைவியோ, ஒருவர் எப்போதும் அவரோடு மேலே இருந்தோம்.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பங்கரை விட்டுவிட்டு நடந்தோம். அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளினேன். அவர் தென்மராட்சியிலேயே கண்மூடினார். 1996இல் திரும்பி வந்து கிடங்கை மூடினோம். இன்றும் மாரிக்கு அந்த இடம் தாழும். வருடா வருடம் இரண்டு கடகம் மண் போடுகிறேன்.

போரின் சரித்திரத்தை எழுதுபவர்கள் கோட்டையையும் முகாம்களையும் எழுதுகிறார்கள். வளவுகளில் வெட்டிய கிடங்குகளை யாரும் கணக்கெடுத்து நான் பார்க்கவில்லை. அவற்றுக்குள் இறங்க ஏலாமல் வீட்டில் கிடந்த முதியவர்களையும்தான். இப்போது எனக்கும் முழங்கால் வருத்தம். உங்கள் வீட்டில் இறங்காமல் இருந்தது யார் என்பதை, நினைவு இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.