கங்கை தந்த ஒளியும் சங்கம் தந்த உரிமையும்

கரவனெல்லையை ஒட்டி ஓடும் களனி கங்கையை நாம் நாள்தோறும் காண்கிறோம். இந்நீர் நம்மிடம் வருமுன் பெரும்பணியொன்றை முடித்து வருகின்றது என்பதை நம் வாலிபருள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? தேயிலைத் தோட்டங்களினூடே இறங்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் லக்ஷபானா மின்நிலையங்களின் யந்திரங்களைச் சுழற்றிய பின்னரே களனியாகிக் கீழே வருகின்றன.

மலைநீரைக் கொண்டு நாட்டுக்கு ஒளியூட்டலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை படித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. ஆங்கில அரசாங்கம் 1920களில் வேலையைத் தொடங்கி இடையில் நிறுத்திற்று. அவரோ 1931இல் நமது மாகாணத்து இரத்தினபுரியின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்தார். லக்ஷபானா ஒளி தந்தது 1950இலேதான்.

ஆயின், அவ்வொளி யாரைச் சேர்ந்தது? தொழிற்சாலையில் மின்விளக்கு எரிந்தது. துரை பங்களாவிலும் எரிந்தது. லயன் காம்பராக்களிலோ பல்லாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. நீர் குறைந்ததாலன்று இந்நிலை. லயனும் நிலமும் குடியிருப்போருக்குச் சொந்தமல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமோ அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவன் விண்ணப்பம் எவர் செவியில் ஏறும்?

அக்குரலைச் செவியில் ஏற்றியவை சங்கங்களே. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில், கூலிப் போராட்டத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் குண்டுக்கு இரையானார். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அதுவரை சங்கங்களும் தலைவர்களும் சலியாது உழைத்தனர்.

நம் அண்டைக் கிராமங்களின் வரலாறும் இதையே போதிக்கின்றது. அறிஞர் சூமாக்கர் 1966இல் இங்கிலாந்தில் தோற்றுவித்த இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு, 1990களில் சப்ரகமுவ மலைக் கிராமங்களுக்கு உதவிற்று. ஓடையை மறித்துச் சிறு அணை, அதிலிருந்து வாய்க்கால், செங்குத்தாய் இறங்கும் குழாய், அடியில் சிறு டர்பைன். கிராமத்தார் சிரமதானமாக மண் வெட்டினர். மின்பாவனையாளர் சங்கம் அமைத்து, மாதச் சந்தா திரட்டித் தாமே நடத்தினர். இவ்வாறு இலங்கையில் 200க்கும் மேற்பட்ட திட்டங்கள் எழுந்தன. பின்னர் அரசாங்க மின்கம்பி வரவே பல கைவிடப்பட்டன. எனினும், கூடி ஆளும் பழக்கத்தை அவை கற்பித்தது பொய்யன்று.

இன்று கம்பி ஏறக்குறைய எல்லா வீடுகளையும் எட்டிவிட்டது. ஆனால் வேறொரு இருள் சூழ்கின்றது. பூமி வெப்பமுறுவதால் பெருமழைகள் மேலும் கடுமையாகின்றன. 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில், நமக்கு அணித்தான புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயன் மண்ணில் புதைந்து தொழிலாளர் குடும்பங்கள் மாண்டன. இவர்கள் மோட்டார் வாகனம் ஓட்டிப் புகை கக்கியவர்களா? உலகை வெப்பமாக்கியோர் வேறெங்கோ வாழ, அதன் பலனை நம் ஏழைகள் மலைச்சரிவில் அனுபவிக்கின்றனர். பாதுகாப்பான நிலத்தில் வீடு கோருவது பிச்சையன்று, நீதியே.

வாலிப அன்பர்களே! உங்கள் தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் அளவு குறியுங்கள். அபாய எச்சரிக்கை வந்தால் இரவென்றும் பாராது லயன்தோறும் சென்று அறிவியுங்கள். காணியுறுதி கேட்கும் மனுவில் பெரியோரையும் சேர்த்துக் கையொப்பமிடச் செய்யுங்கள். பெரியோர்களே! நீங்கள் சங்கம் கட்டிய கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கங்கை யாவருக்கும் பொதுவாய் ஓடுகின்றது. அதன் பயனைப் பொதுவாக்குவது நம் ஒற்றுமையே.