மார்க் மட்டும் போதுமா? மனசுக்கும் பாடம் வேண்டும்!

"கணக்குல எவ்ளோ?", "பக்கத்துல உட்கார்ற பையன் எவ்ளோ?" ரேங்க் கார்டு வரும் நாளில் பல வீடுகளில் கேட்கும் கேள்விகள் இவை. மார்க் குறைந்த பிள்ளை கார்டைப் பையின் அடியில் ஒளித்து வைப்பது இதற்குப் பயந்துதான். அந்தப் பயத்தையும் தோல்வியையும் எப்படிச் சமாளிப்பது என்று அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

'அதெல்லாம் வளர வளர தானா வந்துடும்' என்பது நம் நினைப்பு. உண்மையில், வாய்ப்பாட்டைப் போல இதையும் சொல்லிக்கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

என்னென்ன திறன்கள்?

1994-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'கேசல்' அமைப்பு இவற்றை ஐந்தாகப் பிரிக்கிறது.

* தன் உணர்வை அறிதல்
* அதைக் கட்டுக்குள் வைத்தல்
* அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்ளுதல்
* நட்பைப் பேணுதல்
* பொறுப்போடு முடிவெடுத்தல்

படிப்பு கெட்டுப்போகாதா?

கெடாது. இத்தகைய 213 பள்ளித் திட்டங்களை அலசிய ஆய்வு 2011-ல் வெளியானது. அவற்றில் பங்கேற்றவர்கள் 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். பயிற்சி பெற்றவர்கள் படிப்பில் சராசரியாக 11 பர்சென்டைல் புள்ளிகள் முன்னேறியிருந்தனர். 100 பேர் வகுப்பில் நடுவில் இருக்கும் பிள்ளை, 11 பேரைத் தாண்டி முன்னால் வருவது போல! மனசு அமைதியாக இருந்தால் பாடம் தானாக ஏறும்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் நர்சரி முதல் 8-ம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கப்பட்டது. மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி, கதை, கலந்துரையாடல் எல்லாம் அதில் இருந்தன. பரீட்சை மட்டும் இருக்கவில்லை.

பள்ளியில்...

* வருகைப் பதிவின்போது, "இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்கலாம்.
* மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிக்காமல், தனியாகச் சொல்லலாம்.
* எப்போதும் ஒரே நண்பர்கள் என்றில்லாமல், குழுக்களை மாற்றி மாற்றி அமைக்கலாம்.
* சண்டை வந்தால் தண்டனைக்கு முன் இருவரையும் பேசவிட்டுக் கேட்கலாம்.

வீட்டில்...

* "எவ்ளோ மார்க்?" என்பதற்கு முன், "இன்னிக்கு யார்கூட விளையாடினே?" என்று கேளுங்கள்.
* "அழாதே" என்பதற்குப் பதில், "கோபமா, வருத்தமா?" என்று உணர்வுக்குப் பெயர் வைக்கப் பழக்குங்கள்.
* நீங்கள் கோபத்தில் கத்திவிட்டால், "அம்மா கத்தினது தப்பு, ஸாரிடா" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்?

தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பள்ளி நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் 'நடிக்கிறான்' என்று ஒதுக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 என இரண்டு இலவச எண்களையும் 24 மணி நேரமும் அழைக்கலாம்.

அடுத்த ரேங்க் கார்டு பையின் அடியில் ஒளியாமல் நேராக உங்கள் கைக்கு வந்தால், மார்க் எதுவாக இருந்தாலும் பிள்ளை ஒரு முக்கியமான பாடத்தில் பாஸ்!