நிரேன் டே: சித்திரவதைக்குச் சட்டக் கதவைத் திறந்த வாதம்

அடிப்பது ஒரு காவலரின் கை. அந்தக் கையை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நீதிமன்றத்தில் வாதிடுவது ஒரு வழக்கறிஞரின் நாக்கு. நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த வாதத்தை முன்வைத்தவர் இந்தியாவின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே.

1968 முதல் 1977 வரை அப்பதவியில் இருந்தவர் அவர். வங்கி தேசியமயம், கேசவானந்த பாரதி ஆகிய பெரும் வழக்குகளில் அரசுக்காக வாதாடியவர்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சியினர் மிசா சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். ஜமாஅத்தே இஸ்லாமி, ஆர்.எஸ்.எஸ். உள்ளிட்ட அமைப்புகள் தடை செய்யப்பட்டன. கைதிகள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. அதுவே ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு.

அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார்: தனிப்பட்ட பகையால் ஓர் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை என்பதே நிரேன் டேயின் பதில்.

1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றனர். கன்னா மட்டும் மறுத்தார். விலையாக, 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவரான எம்.எச். பெய்குக்குப் போனது. கன்னா பதவி விலகினார்.

பரிகாரம் இல்லாத சிறை எப்படி இருக்கும் என்பதைச் சென்னை முன்பே கண்டிருந்தது. 1976 பிப்ரவரியில் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகளான தி.மு.க.வினர் கடுமையாகத் தாக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். ஆட்சி மாறியபின் நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்து, தாக்குதல் நடந்ததை உறுதி செய்தது.

அந்த வாதம் பிறகு வீழ்ந்தது. 1978-இன் 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை முடக்க முடியாது என்றாக்கியது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பே ரத்தானது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2002-இல் சிஐஏ விசாரணை முறைகளுக்குச் சட்ட நியாயம் எழுதிய ஜான் யூ இன்றும் சட்டப் பேராசிரியர்; அதில் கையெழுத்திட்ட ஜே பைபி கூட்டாட்சி நீதிபதியானார்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்னும் உறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் சட்டமாகாமல் காலாவதியானது. அடிக்கும் கையையே தண்டிக்கத் தனிச்சட்டம் இல்லாத நாட்டில், அதற்கு நியாயம் சொல்லும் நாக்கை யார் கேட்பது?