கெர்னலில் பிணைய நெறிமுறைகளின் செயல்திறன்

இயங்குதளத்தின் கெர்னலுக்குள் ஓடும் டிசிபி, யுடிபி, ஐபி நிரல்கள் ஒரு பாக்கெட்டைக் கையாள எவ்வளவு நேரம் எடுக்கின்றன, வரிசையில் அதை எவ்வளவு காக்க வைக்கின்றன, இணைப்பின் கொள்ளளவில் எவ்வளவைப் பயன்படுத்துகின்றன என்பவையே பிணைய நெறிமுறைச் செயல்திறனின் அளவுகோல்கள். 10 கிகாபிட் ஈதர்நெட்டில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் வினாடிக்கு 1.488 கோடி வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 67.2 நானோ வினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது சுமார் 200 சுழற்சிகள். கேஷில் இல்லாத தரவைத் தேடி முதன்மை நினைவகத்துக்கு ஒருமுறை போய்வந்தாலே அந்த அவகாசம் ஏறத்தாழத் தீர்ந்துவிடும். ஆகவே இத்துறையின் வரலாற்றில் பெரும்பகுதி, பாக்கெட் ஒன்றுக்கான வேலையைக் குறைத்த வரலாறுதான்.

தொடக்கத்தில் சிக்கல் வேறாக இருந்தது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தரவு வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையிலான தொலைவு சுமார் 400 கஜம். நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைய, அனுப்பிய கணினிகள் அவற்றை அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலை வளர்த்தன. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய வான் ஜேக்கப்சன், மைக்கேல் காரல்ஸுடன் சேர்ந்து பிஎஸ்டி யூனிக்ஸ் கெர்னலின் டிசிபி நிரலைத் திருத்தினார். அனுப்பும் அளவைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது, பதில் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொண்டு மறு அனுப்புதலுக்கான காத்திருப்பை முடிவு செய்வது, தொலைந்த பாக்கெட்டை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு வேகத்தைக் குறைப்பது ஆகியவை 1988-இல் 4.3பிஎஸ்டி டாஹோ வெளியீட்டில் இடம்பெற்றன. பாக்கெட்டின் வடிவம் மாறவில்லை. அனுப்பும் பக்கத்துக் கெர்னல் மாறினாலே போதுமானதாக இருந்தது. அந்தத் திருத்தம் விரைவாகப் பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

டிசிபியே கனமான நெறிமுறை, அதிவேகப் பிணையங்களுக்கு ஆகாது என்ற பேச்சும் அந்நாளில் பலமாக இருந்தது. டேவிட் கிளார்க், ஜேக்கப்சன் உள்ளிட்டோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. ஒரு பாக்கெட்டுக்கு டிசிபி செய்யும் வேலை சில நூறு கட்டளைகளில் முடிந்துவிடுகிறது. நேரத்தைத் தின்பவை தரவை நகலெடுப்பது, சரிபார்ப்புத் தொகை கணக்கிடுவது, குறுக்கீடுகள், இடையக மேலாண்மை ஆகிய இயங்குதளச் செலவுகளே என்று அது காட்டியது. பின்வந்த மேம்பாடுகளுக்கெல்லாம் திசை காட்டிய கட்டுரை இது. வழக்கமாக வரவேண்டிய அடுத்த பாக்கெட்டே வந்திருக்கிறதா என்று முதலில் சோதித்து, ஆம் எனில் குறுக்கு வழியில் செலுத்திவிடும் ஜேக்கப்சனின் 'தலைப்பு ஊகம்' 1990-இன் பிஎஸ்டி ரீனோ வெளியீட்டில் வந்தது. லினக்ஸின் டிசிபி நிரலிலும் அது உண்டு.

பாக்கெட் வரும்போதெல்லாம் பிணைய அட்டை செயலியைக் குறுக்கிடுவது குறைந்த வேகத்தில் பொருத்தமானது. வேகம் கூடினால், வாசல் மணிக்கு ஓடியே அடுப்பைக் கவனிக்க முடியாதவர் கதையாகிவிடும்: வரவேற்பதிலேயே செயலி மூழ்க, எந்தப் பாக்கெட்டும் பயன்பாட்டு நிரலைச் சென்றடையாது. ஜெஃப்ரி மொகுலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் இந்த முடக்கத்தை ஆராய்ந்து, சுமை கூடும்போது குறுக்கீட்டை நிறுத்திவிட்டுக் கெர்னலே அட்டையிடம் சென்று கேட்கும் முறையை முன்வைத்தனர். லினக்ஸில் இதே எண்ணம் 'நாப்பி' என்ற பெயரில் 2.4.20 பதிப்பில் சேர்ந்தது. முதல் பாக்கெட்டுக்கு மட்டும் குறுக்கீடு. பிறகு ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 வரை அள்ளுவது. வரத்து ஓய்ந்தால் மீண்டும் குறுக்கீட்டுக்குத் திரும்புவது. அடுத்தடுத்து வரும் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளை ஒட்டி, ஒரே பெரிய பாக்கெட்டாக மேலடுக்குக்குக் கொடுக்கும் ஜிஆர்ஓ 2009-இல் வந்தது. அனுப்பும் பக்கத்தில் பெரிய துண்டை வெட்டும் வேலையை அட்டையே ஏற்கிறது.

நகலெடுப்பைத் தவிர்ப்பது கேட்பதற்கு இனிக்கும், எப்போதும் லாபமில்லை. 2017-இல் லினக்ஸ் 4.14 தந்த நகலற்ற அனுப்பும் வசதி, சுமார் 10 கிலோபைட்டுக்கு மேற்பட்ட எழுதல்களுக்கே பயன் தரும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அதற்குக் குறைந்தால், நினைவகப் பக்கங்களைப் பூட்டி விடுவிக்கும் செலவு நகலெடுக்கும் செலவை மிஞ்சிவிடும்.

மொத்த வேகத்தை மட்டுமே துரத்தியதற்குக் கொடுத்த விலை தாமதம். பாக்கெட் தொலையக்கூடாது என்று வரிசைகளை நீட்டிக்கொண்டே போனதில், ஒரு பெரிய பதிவேற்றம் நடக்கும் இணைப்பில் பேச்சும் விளையாட்டும் திணறின. 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் சூட்டினார். கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி வினாடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லி வினாடி நீடித்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்குகிறது. 2016-இல் லினக்ஸ் 4.9-இல் சேர்ந்த கூகுளின் பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, தொலைதலை விட்டுவிட்டுப் பாதையின் கொள்ளளவையும் குறைந்தபட்ச தாமதத்தையும் மதிப்பிட்டு அனுப்புகிறது. அதன் முதல் பதிப்பு, தொலைதலையே அறிகுறியாகக் கொள்ளும் கியூபிக் முறையில் பக்கத்தில் ஓடும் இணைப்புகளின் பங்கை விழுங்குவதும் உண்டு.

பலர் செயல்திறன் மேம்பாடு என்று எண்ணுவது அமைப்பு மதிப்புகளை மாற்றுவதைத்தான். இதில் எச்சரிக்கை தேவை. மூடிய பிறகும் சிறிது நேரம் கெர்னலின் கணக்கில் நிற்கும் (டைம்-வெயிட் நிலை) இணைப்புகளை விரைந்து அகற்ற 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்' என்ற அமைப்பைப் பல வழிகாட்டிகள் பரிந்துரைத்தன. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் இருந்தால், அவற்றின் நேர முத்திரைகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் சில இணைப்புகள் சத்தமில்லாமல் மறுக்கப்பட்டன. லினக்ஸ் 4.12-இல் அந்த அமைப்பையே நீக்கிவிட்டனர்.

கெர்னலின் முழு அடுக்கையும் தாண்டி, அட்டை இயக்கி மட்டத்திலேயே சிறு நிரல் கொண்டு பாக்கெட்டைத் தீர்ப்பது எக்ஸ்டிபி (லினக்ஸ் 4.8, 2016). பாக்கெட்டை வெறுமனே கைவிடும் சோதனையில் ஒரு செயலிக் கருவே வினாடிக்கு 2.4 கோடி வரை கையாண்டதாக 2018-இல் அதன் ஆசிரியர்கள் எழுதினர். தாக்குதல் தடுப்புக்கும் சுமை பங்கீட்டுக்கும் ஏற்றது, டிசிபிக்கு மாற்றாகாது.

டிசிபியின் பொதுவழியிலும் குறைக்க இன்னும் இடமிருக்கிறது. 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8, சாக்கெட் உள்ளிட்ட முக்கியத் தரவுக் கட்டமைப்புகளின் உறுப்புகளை, அடிக்கடி ஒன்றாகத் தேவைப்படுபவை ஒரே கேஷ் வரியில் அமையும்படி இடம் மாற்றியது. நெறிமுறையின் நடத்தையில் மாற்றமில்லை. பல இணைப்புகள் ஒருசேர இயங்கும்போது டிசிபி செயல்திறன் 40 விழுக்காடு வரை உயர்ந்ததாக அதை உருவாக்கியவர்கள் அறிவித்தனர். பின்னாளில் யாரேனும் அந்த ஒழுங்கைக் கலைத்தால் கெர்னலைத் தொகுக்கும்போதே எச்சரிக்கை எழும்படியும் செய்துவைத்தனர்.