நடைபாதைவாசிகளும் மாநகராட்சியும்: பம்பாய், 1981–1985

பெருநகரங்களில் வீடற்றோர் அமைத்துக்கொள்ளும் குடிசைகளையும் கூடாரங்களையும் அப்புறப்படுத்த நகர நிர்வாகங்கள் மேற்கொள்ளும் முயற்சிகளைப் பற்றி எழுதுவோர், பொதுவாக இரு தரப்பினரையே காண்கின்றனர். இடிக்க வருவோர் ஒருபுறம், தடுக்க வரும் தொண்டர்கள் மறுபுறம். இடிக்கப்படுவோர் மூன்றாவது தரப்பினர் என்பதும், அவர்களுக்கெனத் தனி அறிவும் தனி நோக்கும் உண்டு என்பதும் பலவேளைகளில் மறக்கப்படுகின்றன. பம்பாய் நகரில் (இன்றைய மும்பையில்) 1981 முதல் 1985 வரை நடைபெற்ற நடைபாதைவாசிகள் வழக்கின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுவதால், ஈண்டு அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த ஏ. ஆர். அந்துலே ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பம்பாய் நடைபாதைகளில் வாழ்வோர் யாவரும் வெளியேற்றப்பட்டுத் தத்தம் சொந்த ஊர்களுக்கோ, நகருக்கு வெளியேயுள்ள இடங்களுக்கோ அனுப்பப்படுவர் என்பதே அது. குடிசைகளை இடிக்கும் மாநகராட்சிக்கு உதவுமாறு காவல்துறை ஆணையருக்கும் கட்டளை பிறந்தது. இதற்கு அவர் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. நகரின் அழகையோ போக்குவரத்து நெருக்கடியையோ அவர் முதன்மையாக எடுத்துக்கூறவில்லை; அம்மக்கள் வாழும் வாழ்வு மனிதத்தன்மையற்றது, மழைக்காலத்தில் அக்குடிசைகளில் எவரும் வாழ இயலாது என்று இரக்கத்தின் மொழியிலேயே பேசினார். மழையில் வாழ இயலாது என்பதற்காக, மழைக்காலத்தின் நடுவிலேயே குடிசையைப் பிரித்தெறிவது விந்தையான தர்க்கம். எனினும் இரக்கத்தின் பெயரால் வெளியேற்றுவது பம்பாய்க்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதை நகரங்களின் வரலாற்றைப் பயில்வோர் அறிவர்.

அவ்வாறு வெளியேற்றப்பட்டோருள் ஒருவர், பின்னர் உச்ச நீதிமன்ற வழக்கில் மனுதாரரான சேலத்துக்காரர். அவரைப் பற்றித் தீர்ப்பில் காணப்படும் செய்திகள் சில வரிகளே. ஆயினும் ஒரு தலைமுறையின் கதை அவற்றில் அடங்கியுள்ளது. நிலமற்ற விவசாயக் கூலியான அவர், வறட்சியினால் வேலையிழந்து 1961இல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி கிடைத்தது. நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு அமைந்த ஒரு மறைப்புக்காக, அப்பகுதியைத் தன் ஆதிக்கத்தில் வைத்திருந்த ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான். மேற்கண்ட கூலியோடு ஒப்பிட்டால் இது நூறு நாள் ஊதியத்துக்கும் மேற்பட்ட தொகையாகும். நடைபாதையில் இருப்போர் காசின்றி இடம் பிடித்தவர்கள் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி அலுவலர்கள் அம்மறைப்பை இடித்து, அவரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றினர். மனைவியும் மூன்று மகள்களும் சேலத்தில் தங்கிவிட்டனர். அவரோ வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே வந்து, மீண்டும் ஒரு நடைபாதையில் ஒதுங்கினார். அரசு செலவில் நிகழ்ந்த இப்பயணத்தினால் நடைபாதையில் ஓர் இடமும் காலியாகவில்லை. ஒரு குடும்பம் மட்டும் இரண்டாயிற்று.

மேற்கு விரைவு நெடுஞ்சாலைக்கு அருகிலிருந்த காமராஜ் நகரின் நிலையும் இதுவே. தண்ணீர்க் குழாய் பதிக்கும் பணிக்கு வந்த தொழிலாளர் 1960ஆம் ஆண்டையொட்டி அமைத்த குடியிருப்பு அது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகள் அங்கிருந்தன. மாநகராட்சியின் ஊழியர்களே சிலர் அங்கு வாழ்ந்தனர். முதலமைச்சரின் அறிவிப்பைக் கேட்டதும் அவர்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றனர். ஜூலை 21 அன்று, அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. இரண்டே நாள்களில், ஜூலை 23 அன்று, அம்மக்கள் அரசுப் பேருந்துகளில் திணிக்கப்பட்டனர் என்று மனுவில் குறிப்பிடப்பட்டுள்ளது. அப்பயணத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, வேறு இருவர் இறந்தனர் என்றும் அம்மனு கூறுகிறது.

இந்நிலையில்தான் நகரத்துத் தொண்டர்கள் முன்வந்தனர். மக்கள் குடிமை உரிமைக் கழகமும், சனநாயக உரிமைப் பாதுகாப்புக் குழுவும், பத்திரிகையாளர் சிலரும் குடிசைவாழ் மக்களோடு இணைந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். பத்திரிகையாளர் ஒல்கா டெல்லிஸ் என்பாரின் பெயராலேயே வழக்கு இன்றும் வழங்குகிறது. சேலத்துத் தொழிலாளியின் பெயர் தீர்ப்பின் உள்ளே இருக்கிறது, தலைப்பில் இல்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் வாயிலை அறிந்தவர்களின் துணையின்றி அம்மனு அங்குச் சென்றிருக்க இயலாது. ஆயினும் அத்துணையின் எல்லை எது என்பதை அவ்வழக்கே காட்டுகிறது.

உயர்நீதிமன்றத்தில் மனுதாரர் சார்பில் ஓர் ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்தது. நடைபாதையில் குடிசை அமைக்க அடிப்படை உரிமை எதுவும் தங்களுக்கு இல்லை என்றும், அக்டோபர் 15க்குப் பின் இடிப்பதைத் தடுப்பதில்லை என்றும் கூறப்பட்டது. சில வார அவகாசம் பெறுவதற்கு வழக்கறிஞர் எவரும் கையாளக்கூடிய உத்தியே அது. மாநகராட்சி அதனைப் பற்றிக்கொண்டு, உரிமை இல்லையென்று ஒப்புக்கொண்டவர்கள் இப்போது உரிமை கோரலாகாது என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையை எவரும் வாய்மொழியால் விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. அவ்வாறெனில், ஒருவனுக்காகப் பிறர் விட்டுக்கொடுத்ததும் செல்லாது என்றாகிறது. சட்ட நூல்கள் இவ்வழக்கில் வேறு பகுதிகளைப் போற்றுகின்றன. என் கருத்தில் இப்பகுதியே ஆழமானது.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் ஆயம் தீர்ப்பளித்தது. உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அது முழங்கிற்று. பிழைப்புக்கு வழியின்றி நடைபாதைக்கு வருவோர் குற்றம் புரியும் நோக்கோடு வருவோர் அல்லர், சூழ்நிலையின் கட்டாயத்தால் வருவோர் என்றும் ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் கூறியபின், நடைபாதை நடப்பதற்கே என்று முடிவு செய்தது. முன்னறிவிப்பின்றியும் ஆக்கிரமிப்பை அகற்றலாம் என்னும் 1888ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு செல்லும் என்றும், ஆயினும் பொதுவாக முன்னறிவிப்புக் கொடுத்து, அம்மக்களின் சொல்லைக் கேட்ட பின்னரே அகற்றுதல் வேண்டும் என்றும் விளக்கம் தந்தது. மாநகராட்சி ஆணையர் அவர்களைக் கேட்கவில்லையே எனில், நாங்களே இங்குக் கேட்டுவிட்டோம் என்றது நீதிமன்றம். மழைக்காலம் முடியுமட்டும், அதாவது 1985 அக்டோபர் 31 வரை இடிக்கலாகாது, அதன்பின் இடிக்கலாம். தத்துவத்தில் வென்றவர்கள் தரையை இழந்தனர்.

தீர்ப்பின் மற்றொரு பகுதி எல்லாவற்றினும் பெரிய விளைவை உடையதாயிற்று. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவு பெற்று அடையாள அட்டை வைத்திருப்போருக்கு மாற்றிடம் தருதல் வேண்டும் என்றது அது. அக்கணக்கெடுப்பு குடிசைப் பகுதிகளைக் குறித்தே எடுக்கப்பட்டது. நடைபாதைவாசிகளில் மிகப் பெரும்பாலோரிடம் அந்த அட்டை இல்லை. எண்ணப்பட்டவனுக்கு இடம் உண்டு, எண்ணப்படாதவனுக்கு இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

வழக்கு நிலுவையிலிருந்த காலத்திலும் நகரில் இடிப்பு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனந்த் பட்வர்தன் 1985இல் வெளியிட்ட ‘நமது நகரம் பம்பாய்’ என்னும் பொருள்படும் ஆவணப்படம் அவற்றைப் பதிவு செய்துள்ளது. அப்படத்தில் வீடிழந்த ஒரு பெண், எங்களைப் படமெடுத்து நீங்கள் பெயர் சம்பாதிப்பீர்கள், எங்களுக்கு என்ன செய்வீர்கள் என்னும் பொருளில் படமெடுப்பவரையே சாடுகிறாள். இயக்குநர் அக்காட்சியை வெட்டி எறியாமல் வைத்திருப்பது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது.

அப்பெண்ணின் கேள்விக்கு விடைபோல் அமைந்த முயற்சி பைக்குல்லா நடைபாதைகளில் தோன்றியது. ஷீலா பட்டேல் முதலியோர் 1984இல் ‘ஸ்பார்க்’ என்னும் அமைப்பை நிறுவி, அங்கு வாழ்ந்த பெண்களோடு பணியாற்றி வந்தனர். தீர்ப்பு வெளிவந்தவுடன், அக்டோபர் 31க்குப் பின் என்ன செய்வது என்பதே அப்பெண்களின் கவலை. அவர்கள் மறியலுக்கும் செல்லவில்லை, மறுமனுவும் எழுதவில்லை. தொண்டர்களும் நடைபாதைவாசிகளும் சேர்ந்து வீதி வீதியாகச் சென்று ஏறக்குறைய 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தனர். ‘கண்ணுக்குத் தெரியாத நாங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அது 1985இல் வெளியாயிற்று. வந்தேறிய நாடோடிகள் என்று கருதப்பட்டோர் பல்லாண்டுகளாக அதே இடத்தில் இருப்பவர்கள் என்பதும், வேலைக்கு நடந்தே செல்லும் தொலைவில் இருக்கவேண்டி அங்குத் தங்கியவர்கள் என்பதும் எண்ணிக்கையாக வெளிப்பட்டன. அஞ்சிய அளவுக்குப் பெருந்திரளான இடிப்பு அவ்வாண்டு நவம்பரில் நிகழவில்லை.

1986இல் அப்பெண்கள் ‘மகிளா மிலன்’ என்னும் தங்கள் சங்கத்தை அமைத்தனர். இடிப்புப் படை வரும்போது எதிர்த்து நின்று பாத்திரங்களையும் மரச்சட்டங்களையும் இழப்பதினும், தாங்களே குடிசையைப் பிரித்துப் பொருளைக் காத்துக்கொள்வது மேல் என்று அவர்கள் கண்டனர். வெளியிலிருந்து வரும் போராளிக்கு இது கோழைத்தனமாகத் தோன்றலாம். மறுநாள் சமைக்க வேண்டியவள் வேறு கணக்குப் போடுகிறாள்.

இவர்களோடு இணைந்த தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பின் தலைவர் ஜோகின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960களில் பம்பாய் வந்து மான்கூர்டு ஜனதா காலனியில் வாழ்ந்தவர். அணு ஆராய்ச்சி மையத்துக்காக அக்காலனி அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் இடிக்கப்பட்டு, ஏறக்குறைய 70,000 பேர் சீத்தா முகாமுக்கு மாற்றப்பட்டனர். நீதிமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் நாடியும் தம் குடியிருப்பைக் காக்க இயலாத அனுபவம் அவருக்கு இருந்தது. பட்டியல் நம் கையில் இருக்கவேண்டும், மாநகராட்சியின் கையில் மட்டும் இருக்கலாகாது என்று அவர் வற்புறுத்தியதற்கு இதுவே பின்னணி. 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்ற அவர் 2018இல் மறைந்தார்.

1995இல் மகாராஷ்டிர அரசு வகுத்த குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், நடைபாதைவாசிகளும் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையோராக முதன்முறையாகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு ஜனவரி 1க்கு முன்னரே அவ்விடத்தில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுதல் வேண்டும் என்பது நிபந்தனை. பைக்குல்லாப் பெண்களிடம் பத்தாண்டுகளுக்கு முன் தாங்களே எடுத்த பட்டியல் இருந்தது.